வராத கார்டு

சிதம்பரம் மேல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் கடை. அங்கே எட்டு வருஷம் வேலை செய்தேன். 2004ல் சேர்ந்தேன். 2012ல் விட்டேன். அந்த எட்டு வருஷத்தில் நான் அதிகம் சொன்னது ஒன்றுதான். வெயிட் பண்ணுங்க.

கிராபிக்ஸ் கார்டு வாங்க வருகிறவர்களிடம் சொல்வது அது. கம்ப்யூட்டருக்குள் சொருகுகிற அட்டை. திரையில் படம் நன்றாக வர அதுதான் வேண்டும். விளையாட்டு ஓடுவதும் அதனால்தான். அதன் நடுவில் ஒரு சிப். வருஷத்துக்கு ஒரு தரம் புது சிப் வரும். புதுசு வந்தால் பழசின் விலை இறங்கும். அதனால் எந்த மாதம் யார் கேட்டாலும் வெயிட் பண்ணுங்க என்பது சரியான பதில். பொய் இல்லை. தொழில் தெரிந்தவன் பேச்சு.

அதையே என் அக்கா புருஷனிடமும் சொன்னேன். அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அவரைக் காக்க வைத்தேன்.

நடந்தது இவ்வளவுதான். எப்படி நடந்தது என்பதை எழுதுகிறேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். கடலூருக்குத் தெற்கே கடற்கரையில் எங்கள் ஊர். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்குப் படகில் ஏறினால் வாந்தி வரும். மூன்று தரம் ஏற்றிப் பார்த்தார்கள். நாலாவது தரம் சிதம்பரத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். கடையில் முதலில் பெட்டி தூக்கினேன். பிறகு திருப்புளி பிடித்தேன். பிறகு உள்ளறையில் சர்வீஸ் முழுக்க என் பொறுப்பாகிவிட்டது.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பையன்கள் வருவார்கள். வாங்க மாட்டார்கள். பேசுவார்கள். உலகத்தில் கார்டு செய்கிற பெரிய கம்பெனி இரண்டு. ஒன்றின் டப்பா பச்சை, ஒன்றின் டப்பா சிவப்பு. பையன்கள் பச்சைக் கட்சி, சிவப்புக் கட்சி என்று பிரிந்து நிற்பார்கள். இன்னும் வராத கார்டைப் பற்றித்தான் சண்டை. சிப்பில் உள்ள கோடுகள் எவ்வளவு பொடி என்பதை நானோமீட்டரில் சொல்வார்கள்; எண் இறங்கினால் சிப் சின்னதாகும், சூடு குறையும்.

"அடுத்த சிப்பு அம்பத்தஞ்சு நானோமீட்டராம். எறக்கிட்டான்."

"யாருடா சொன்னா?"

"சைனாக்காரன் ஒருத்தன் போட்டோ லீக் பண்ணிருக்கான்."

"போட்டோல இன்னா தெரியுது?"

"ஒரு கையி தெரியுது. கார்டு சரியா விழல."

ஓனர் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். "வாங்காதவன்லாம் சேந்து வராதத வித்துக்கிட்டு கெடக்கறானுங்க" என்பார். ஆனால் விரட்ட மாட்டார். கூட்டம் இருந்தால் கடைக்கு நல்லது.

நான் உள்ளேயிருந்து கேட்பேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் சொன்ன பக்கங்களை நெட்டில் திறந்து வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் எனக்குக் கார்டு டப்பாவில் பழகியது. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் கார்டைக் கழற்றி மாட்டுகிற கை என்னுடையது. எது சூடாகும், எது தாங்கும் என்று தெரியும். அதனால் ஒரு தரம் நான் சொன்னது நடந்தது. அடுத்த தரமும் நடந்தது. பிறகு பையன்கள் உள்ளறைக் கதவில் நின்று, "அண்ணே, வாங்கலாமா, வெயிட் பண்ணலாமாண்ணே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அதில் எனக்குப் பெருமை. அதற்கு முன் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

மாமா என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். படகில் போனவர். மாலைக்கண் உண்டு. விடிவதற்கு முன்னால் கிளம்புகிற தொழில் அது. இருட்டில் கயிறு காலில் மாட்டி ஒரு தரம் விழுந்தார். இரண்டாம் தரம் தண்ணீரிலேயே விழுந்தார். படகுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பிறகு துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் பகல் வேலை. ஐஸ் பாளத்தை இழுத்து உடைத்துப் பெட்டியில் கொட்டுவது.

மாலைக்கண் ஊருக்கே தெரியும். அதோடு நின்றது என்று நினைத்தோம். நிற்கவில்லை. ஓரத்திலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. பார்வை வட்டமாகச் சுருங்கும் நோவு. பாண்டிச்சேரியில் கண் டாக்டர் 2006லேயே சொல்லிவிட்டார். மருந்து கிடையாது, மெதுவாகப் போகும், எத்தனை வருஷம் என்று சொல்ல முடியாது. இது மாமாவுக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

2007 ஆனித் தேருக்கு இருவரும் சிதம்பரம் வந்தார்கள். வெயில் தாங்காமல் மாமா கண்ணை இடுக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். ஒரு கார்டைச் சோதிக்க அதில் ஒரு விளையாட்டை ஓடவிட்டிருந்தேன். தீவு, மரம், கடல். மாமா அதைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டார்.

"இது எந்த ஊரு கடலு மச்சான்?"

"கேம் மாமா. நெசம் இல்ல."

"நெசம் இல்லன்னு தெரியுது. மரத்தப் பாரு. காத்து கெழக்கலேர்ந்து அடிக்குது. அல தெக்கால போவுது."

நான் நாலு மாதமாக அதே விளையாட்டை ஓட்டிக்கொண்டிருந்தேன். கவனித்ததில்லை.

"ஒரே அளவா வேற வருது பாரு" என்றார். "கடலு அப்டி வராது. மூணு சின்னது வரும், ஒண்ணு பெருசா வந்து கவுக்கும். இவன் கணக்குப் போட்டு வுடுறான்."

அக்கா வாசலில் நின்று கத்தினாள். "ஊட்டுக்கு எதுத்தாப்புல கடலு கெடக்குது. அத வுட்டுட்டு சிதம்பரத்துக்கு வந்து பொட்டியில கடலு பாக்குறாரு. தேரு போயிடும். எழுந்துக்கிறீங்களா இல்லியா?"

"அது பெருசுடி" என்றார் மாமா. "இது அடங்குது."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அதை நான் கவனிக்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் கடையில் கிடந்த பழைய சாமான்களை வைத்து அவருக்கு ஒரு மிஷின் கட்டிக் கொடுத்தேன். வீட்டில் உள் அறையில் வைத்தார். ஜன்னலைச் சாக்குப் போட்டு மூடினார். ஐஸ் கம்பெனியிலிருந்து மத்தியானம் வந்து அதன் முன் உட்காருவார். அவர் விளையாடுகிற விதம் யாரும் விளையாடாத விதம். ஆளைக் கரைக்கு நடத்திக் கொண்டுபோய் நிறுத்துவார். கையை எடுத்துவிடுவார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதிரி வந்து சுட்டுவிட்டுப் போவான். மறுபடி ஆரம்பித்து மறுபடி கரைக்கு வந்து நிற்பார்.

ஆனால் அந்த மிஷினில் கார்டு இல்லை. கார்டு இல்லாவிட்டால் தண்ணீர் நீலத் தகரம் மாதிரி கிடக்கும். ஆடாது.

தை மாதம் கேட்டார். "மச்சான், ஒன் கடையில ஓடுச்சே, அந்தக் கார்டு ஒண்ணு போட்டுக் குடு."

அப்போது கடையில் இருந்தது எட்டாவது வரிசை. ஒன்பது வருகிறது என்று படித்திருந்தேன். பையன்களிடமும் சொல்லியிருந்தேன்.

"ஒம்போது வருது மாமா. இப்ப எட்ட வாங்குறது வேஸ்ட். வெயிட் பண்ணுங்க. தண்ணி இன்னும் நல்லா வரும்."

"எத்தினி மாசம்?"

"அஞ்சு. மிஞ்சிப்போனா ஆறு."

"ஆடிக்குள்ளயா, ஆடி தாண்டியா?"

"பொண்ணு பாக்கப் போறாப்புல கேக்குறீங்களே மாமா."

அவரும் சிரித்தார். பிறகு, "ஆடிக்குள்ளன்னா சரி" என்றார்.

எனக்கு இப்போது அந்தச் சிரிப்பு கேட்கும். கூட்டத்தில் இருந்தாலும் கேட்கும்.

ஒரு கார்டு நம் ஊருக்கு வருவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். அங்கே அறிவிப்பார்கள். முதலில் வருவது பெரிய கார்டு. அது நமக்கில்லை. சில மாதம் கழித்து நடுத்தரம். அதன் பிறகு நாம் வாங்குகிற சின்னது. அது சென்னை ரிச்சி தெரு மொத்தக் கடைகளுக்கு வர வேண்டும். பிறகு சிதம்பரத்துக்கு. வந்ததும் விலை அதிகமாக இருக்கும். இறங்க வேண்டும். இத்தனைக்கும் வெயிட் பண்ண வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஆறு மாதம் என்றேன். கேட்கிறவருக்கு ஆறு மாதம் ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

மத்தியானம் மாமாவிடமிருந்து மிஸ்டு கால் வரும். நான் திருப்பிக் கூப்பிடுவேன். முதல் வார்த்தை, "புதுசா எதுனா லீக் ஆச்சா?" அன்றைக்குப் படித்ததைச் சொல்வேன். அவர் அதை வைத்து யோசிப்பார். படிக்காதவர். ஆனால் யோசனை எங்கள் யாரையும்விடக் கூர்மை.

ஒருநாள் கேட்டார். "பச்சக்காரனும் செவப்புக்காரனும் சிப்ப அவனவனே அடிக்கிறானா?"

"இல்ல மாமா. தைவான்ல ஒருத்தன் அடிச்சுக் குடுக்குறான். ரெண்டு பேருக்கும் அவந்தான்."

"அப்ப இவன் முந்துவானா அவன் முந்துவானான்னு இன்னாத்துக்கு சண்ட? எல்லா படகும் ஒரே கம்பெனியிலதான் ஐஸ் ஏத்துது. அங்க மோட்டாரு நின்னா ஒருத்தனும் போவ முடியாது. தைவான்காரனுக்கு எப்டி ஓடுதுன்னு பாரு. பச்சையப் பாக்காத."

அன்று சாயங்காலம் பையன்களிடம் அதைச் சொன்னேன். அசந்துவிட்டார்கள். "அண்ணே, செம பாயிண்ட்டுண்ணே" என்றார்கள். என் மாமா சொன்னார் என்று நான் சொல்லவில்லை.

ஆடி வந்தது. ஒன்பது ரிச்சி தெருவுக்கு வந்துவிட்டது. விலை கூடுதல். அதோடு ஒரு புது செய்தி வந்தது. அதே ஒன்பதை ரீஃப்ரெஷ் பண்ணுகிறான், சிப்பைச் சின்னதாக்குகிறான், சூடு குறையும் என்று. எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு சூடு குறைந்தால் நல்லது. யோசித்துத்தான் சொன்னேன்.

"மாமா, இன்னும் கொஞ்சம் வெயிட் பண்ணுங்க. ரீஃப்ரெஷ் வருது. பொங்கலுக்கு முன்ன வந்துடும்."

மறுபக்கம் சத்தம் இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன்" என்றார். "சரி. நீ சொன்னா சரியா இருக்கும்."

பொங்கலுக்கு வரவில்லை. மாசியில் வந்தது. 2009. கடைக்கு வந்த முதல் டப்பாவை மாமாவுக்கென்று எடுத்து வைத்தேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கம்பெனியில் சிப்பின் மேல் சூடு இறங்கத் தடவி அனுப்புகிற பசையை நான் நம்ப மாட்டேன். வேண்டியவர்களுக்கு என்றால் மேலே உள்ள அலுமினியப் பாளத்தைக் கழற்றி, பழைய பசையைத் துடைத்து, என் கையால் புதுசு தடவி மாட்டுவேன். மற்ற கடைகளில் செய்ய மாட்டார்கள். மாமாவின் கார்டையும் கழற்றினேன். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். சிப் கண்ணாடி மாதிரி வந்தது. அதன் மேல் எழுத்து.

அந்த எழுத்தை எனக்குத் தெரியும்.

அலமாரியில் செத்துப்போன எட்டாவது வரிசை கார்டு ஒன்று கிடந்தது. எடுத்துக் கழற்றினேன். துடைத்தேன். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே எழுத்து. ஒரே எண். சின்னதாக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. டப்பா மாறியிருந்தது. ஸ்டிக்கர் மாறியிருந்தது. எட்டு என்று போட்ட இடத்தில் ஒன்பது போட்டிருந்தார்கள்.

அப்போது எனக்கு மாமாவின் கண் விஷயம் தெரியாது. ஆனாலும் கை கூசியது. பசை தடவி, அலுமினியத்தை வைத்து, நாலு திருகையும் முறுக்கி, டப்பாவில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரமே பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். "பேர மாத்தி ஏமாத்திட்டாண்ணே" என்று சிரித்தார்கள். அவர்களுக்குச் சிரிப்புதான்.

கார்டைக் கழற்றிப் பார்த்த மறுநாள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் போனேன்.

மத்தியானம். சாக்கு மூடிய அறை. கார்டை மாட்டினேன். விளையாட்டைப் போட்டேன். கடல் ஆடியது. அலையின் முதுகில் வெளிச்சம் ஏறி இறங்கியது. மாமா மூக்கு திரையில் படுகிற மாதிரி உட்கார்ந்தார். தலை மெதுவாக இடமிருந்து வலம் போனது. பிறகு மேலிருந்து கீழே. பிறகு மறுபடி. குழாய் வழியாக ஒரு சுவரைப் பார்க்கிறவர் மாதிரி.

"இன்னா மாமா தேடுறீங்க?"

"கர எங்க போச்சு?"

கரை திரையின் இடது பக்கம் கீழே இருந்தது. விரல் வைத்துக் காட்டினேன். அவர் விரலைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்து, கை வழியாக விரலுக்கு வந்து, விரல் வழியாகக் கரைக்கு வந்தார்.

"தோ" என்றார். "இங்க இருக்கு."

நான் எழுந்து வெளியே வந்தேன். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மாமாவுக்குக் கண்ணு எப்டி இருக்கு?"

"இப்பதான் கேக்கணும்னு தோணுச்சா?" என்றாள். நிமிரவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னாள். முதலில் தட்டு அளவு தெரிந்ததாம். இப்போது டம்ளர் வாய் அளவாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாரு. சொன்னா மச்சான் பாவப்பட்டு கடையில கெடக்கறத எதையாவது மாட்டி வுட்ருவான். நமக்கு நல்லது வேணும், அவனுக்குத்தான் எது நல்லதுன்னு தெரியும்னாரு."

அவள் தண்ணீரை ஊற்றினாள்.

உள்ளேயிருந்து மாமா குரல் கொடுத்தார். "தண்ணி நல்லாருக்கு மச்சான். காத்து சொல்றத மட்டும் இன்னும் கேக்க மாட்டுது. அதுக்கு அடுத்தது எப்ப வருது?"

சோறு போட்டாள். சாப்பிட்டேன். பஸ் ஏறினேன். சிப் விஷயத்தை நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கடையில் யாரையும் வெயிட் பண்ணச் சொன்னதில்லை. எது இருக்கிறதோ அதை வாங்கிக்கொண்டு போங்கள் என்பேன். ஓனருக்கு சந்தோஷம். "இப்பத்தான் ஒனக்கு வியாபாரம் புரியுது" என்றார். பையன்கள் ஒதுங்கிவிட்டார்கள். "அண்ணனுக்கு டச் உட்டுப் போச்சு" என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

ஆனால் படிப்பதை விடவில்லை. மிஸ்டு கால் வந்துகொண்டுதானே இருந்தது. அடுத்து வந்தது உண்மையிலேயே புது சிப். அலையைச் சின்னச் சின்ன முக்கோணமாக உடைத்து, தட்டையான தண்ணீரை மேடு பள்ளமாகவே எழுப்பும் என்று போட்டிருந்தது. அந்தத் தடவை நான் மாதக் கணக்குச் சொல்லவில்லை. ரிச்சி தெருவில் ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தேன். நம் கைக்கு எட்டுகிற கார்டு வந்த அன்றே ரயிலில் போய் வாங்கினேன். அதுவே 2010 கடைசி ஆகிவிட்டது.

டப்பாவை மாமா கையில் கொடுத்தேன். அவர் பிரித்தார். கார்டைத் தடவினார். தராசில் வைப்பது போல இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"கனமா இருக்கு. விசிறி ரெண்டா?"

"ரெண்டு."

"பழசுக்கு ஒண்ணுதான்."

மாட்டினேன். ஆள் தானாகவே நடக்கிற மாதிரி விளையாட்டை ஓடவிட்டேன். மாமா திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். தலை அசையவில்லை. தேடவில்லை. அப்போது அவருக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும். அவ்வளவுதான். சாக்கை எடுத்துவிட்டிருந்தார்கள். அது இனி எதற்கு?

என்னால் அங்கே இருக்க முடியவில்லை. ஆனால் அவர் பேச ஆரம்பித்தார்.

"இப்ப அல ஜாஸ்தி ஆவுது."

திரையைப் பார்த்தேன். ஜாஸ்திதான் ஆகியிருந்தது.

"இப்ப கரைக்கு வந்துட்டான். தண்ணி கொறையுது."

அதுவும் சரி. பிறகு புரிந்தது. தண்ணீர் அதிகமாகத் தெரியும்போது சிப்புக்கு வேலை அதிகம். சூடு ஏறும். விசிறி வேகமாகச் சுற்றும். தண்ணீர் குறைந்தால் விசிறி தணியும். மாமா விசிறியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டியின் பின்னால் கையை வைத்து வெளியே வருகிற சூட்டையும் பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தினம் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று அக்கா சொன்னாள். பக்கத்து வீட்டில் கேட்டால் கம்ப்யூட்டர் கத்துக்கிறார் என்று சொல்லிவிடுவாளாம்.

2011 டிசம்பரில் புயல் அடித்தது. கடலூர் இருண்டு கிடந்தது. பல நாள் கரண்ட் இல்லை. எங்கேயோ போனை சார்ஜ் போட்டுக்கொண்டு மிஸ்டு கால் கொடுத்தார். பதறிக்கொண்டு கூப்பிட்டேன்.

"ஓடு பூடுச்சு. ஆளுங்களுக்கு ஒண்ணும் இல்ல. மிஷின கட்டிலு மேல ஏத்தி பிளாஸ்டிக் போட்டுட்டோம். புதுசா எதுனா லீக் ஆச்சா?"

சொன்னேன். அக்கா பின்னால் திட்டுவது கேட்டது.

மாசியில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த அரசாங்க முகாமுக்குப் போனோம். பார்வை இல்லாதவர் என்று அட்டை வாங்க வேண்டும். அக்கா அவரை என்னோடு அனுப்பினாள். டாக்டர் பார்த்தார். டார்ச் அடித்தார். ஒன்றும் கேட்காமல் எழுதினார். கையெழுத்துக்கு மத்தியானம் வரச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த மைதானத்து ஓரம் மரத்தடியில் உட்கார்ந்தோம். உள்ளே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மாமா டீயைக் குடித்துவிட்டு, "அந்த எட்டு, ஒம்போதுன்னு சொல்லுவியே, அதெல்லாம் இப்ப எவ்வளவோ தாண்டிட்டானுங்க இல்ல?" என்றார். சும்மாதான் கேட்டார்.

என்னால் அதற்கு மேல் மனசில் வைத்திருக்க முடியவில்லை.

"மாமா, ஒண்ணு சொல்லணும். ஒம்போது வருது ஒம்போது வருதுன்னு ஒங்கள ஒரு வருஷம் ஒக்கார வச்சேன்ல."

"ஆமா."

"அது எட்டுதான். அதே சிப்பு. பேர மட்டும் மாத்தி வுட்டுட்டான்."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மாட்ட வந்ததுக்கு மொத நாளு."

அவர் டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினார். நான் வாங்கிக்கொண்டேன்.

"அப்ப, மொத தையில நான் கேட்டப்பவே போட்ருந்தா இதே தண்ணிதான்."

"இதே தண்ணிதான் மாமா."

"அப்பல்லாம் ஸ்கிரீன் முழுசாத் தெரிஞ்சுது மச்சான்."

குரல் உயரவில்லை. மைதானத்தில் யாரோ அவுட் என்று கத்தினார்கள். அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கையெழுத்து போட்ருப்பானுங்க. போயிப் பாரு" என்றார்.

பங்குனியில் மிஸ்டு கால் வரவில்லை. சித்திரையில் வரவில்லை. அக்காவைக் கேட்டேன். மிஷினைத் துணி போட்டு மூடிவிட்டார் என்றாள். நீ இன்னா சொன்ன என்று கேட்டாள். நான் சொல்லவில்லை.

மத்தியானம் பழக்கப்படி பக்கத்தைத் திறப்பேன். எழுத்துக்கூட்டுவேன். ஒவ்வொரு வரியையும் அவருக்குச் சொல்கிற மாதிரியே மனசுக்குள் தமிழில் மாற்றிக்கொண்டு வருவேன். வரி முடிந்ததும் நிற்பேன். அந்த இடத்தில் அவர் ஏதாவது கேட்பார். கேள்வி வராது. ஆனால் வருகிற மாதிரியே இருக்கும். பின்னால் ஸ்டூலில் யாரோ இருக்கிற மாதிரி. உயிரோடு இருக்கிற மனுஷன் அப்படி வந்து உட்காருவார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். ஸ்டூலில் யாரோ ரிப்பேருக்குக் கொடுத்த கீபோர்டு இருந்தது.

அப்போது தினம் பல மணி நேரம் கரண்ட் போகும். கரண்ட் போனால் கடையில் எல்லா விசிறியும் ஒரே நேரத்தில் நிற்கும். அந்த நேரம் உள்ளறையில் இருக்க மாட்டேன். வெளியே வந்துவிடுவேன்.

வைகாசி போய் ஆனியும் வந்தது. ஒரு மத்தியானம் போன் இரண்டு தரம் அடித்து நின்றது. மாமா நம்பர். சோற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"கடையிலயா மச்சான்?"

"ஆமா மாமா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டுக்கிட்டே இருக்கேன்."

"புதுசு எதுனா?"

வருகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் இனி ஒரு மாதமும் ஒரு நாளும் கடன் கேட்கக் கூடாது என்று இருந்தது.

"வந்துடுச்சு மாமா" என்றேன். "புதுக் கார்டு. கடைக்கே வந்துடுச்சு. நேத்து போட்டுப் பாத்தேன். காத்து அடிக்கிற பக்கமே அல போவுது. ஒண்ணு சின்னதா வருது, ஒண்ணு பெருசா வருது. நீங்க சொன்னாப்புலயே இருக்கு."

அப்படி ஒரு கார்டு கடையில் இல்லை. எங்கேயும் இல்லை.

மறுபடி லைன் போன மாதிரி இருந்தது. இந்தத் தடவை நான் ஹலோ சொல்லவில்லை.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"பொய்யி."

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"வந்தத என்னாண்ட சொல்லாத" என்றார். "வந்துடுச்சுன்னா நீ பாப்ப. ஒன் கடைக்கு வர பசங்க பாப்பானுங்க. நான் பாக்க மாட்டேன். அத வச்சு நான் இன்னா பண்றது? வராதத சொல்லு. அத நீயும் பாக்கல, நானும் பாக்கல, ஒருத்தனும் பாக்கல."

கை காய்ந்துவிட்டது. எழுந்து போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். அன்றைக்குத் திறந்த பக்கம் அப்படியே இருந்தது.

"அடுத்தது இருபது நானோமீட்டருன்னு சொல்றாங்க மாமா. உறுதி இல்ல."

"இருபதா?"

"ஆமா. இப்ப இருக்கறது இருபத்தெட்டு."

"தைவான்காரன் தாங்குவானா?"

"அதுதான் சந்தேகம்னு போட்ருக்கான்."

"இரு, இரு" என்றார். "மெதுவாப் படி. மொதல்லேர்ந்து படி."

முதலிலிருந்து படித்தேன். ஓனர் முன்னாலிருந்து கூப்பிட்டார். போகவில்லை.

அந்த இருபது கடைசியில் வரவே இல்லை. இரண்டு கம்பெனியும் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். நான் அதற்குள் கடையை விட்டு வந்துவிட்டேன். விஷயத்தை அவரிடம் அப்படியே சொன்னேன். மாமா சந்தோஷப்பட்டார். வேறு எந்தக் கார்டைப் பற்றியும் அவர் அவ்வளவு பேசியதில்லை. அதில் தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கும் போனில் சொல்கிறார். நான் கேட்டுக்கொள்கிறேன்.